ஓடிப்போன கப்பலைத் திருப்பிவிட்ட பனியன்

கடலை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் பேருந்து ஜன்னல் வழியாக, பாதித் தூக்கத்தில். ஆனாலும் வெளிநாட்டுக்காரர்களின் கடற்சண்டை ஒன்றில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. இதைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் போட்டிருக்கும் பனியனைச் செக் செய்து அனுப்பியதும் நான்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரில் முளைத்த கம்பெனிகளில் பாதி எக்ஸ்போர்ட் என்று பலகை மாட்டிய காலம். என் மகன் அதுவரை சாமளாபுரத்தில் இருக்கும் அவன் மாமனாருக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தான். அவர் சொன்ன பீஸ், அவர் சொன்ன தேதி. அதை விட்டுவிட்டுச் சொந்தமாக, வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையரைப் பிடிக்கிறேன் என்று கிளம்பியபோது மாமனார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அவர் வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முதல் ஆர்டர் ரிஜெக்ட் ஆனால் திரும்ப அவரிடம்தான் போய் நிற்கவேண்டும். அது என் மகனுக்குச் சாவதற்குச் சமம்.

ஆர்டர் கொடுத்தது எங்கேயோ ஒரு துறைமுக ஊர் மியூசியத்தின் கடை. பனியனில், அதாவது டி-ஷர்ட்டில், போடவேண்டிய படத்தில் இடது பக்கம் மூன்று கப்பல்கள் எரிகின்றன. வலது பக்கம் ஒரு பெரிய கப்பல், எரிகிறவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. எங்கள் கம்பெனி மெர்ச்சண்டைசர் தூத்துக்குடிப் பெண். பையருக்கு மெயில் எழுதுவது, படிப்பது எல்லாம் அவள்தான். அவள்தான் கதையையும் சொன்னாள். அந்தக் காலத்துச் சண்டையில் கூட வந்தவர்களை எரியவிட்டுவிட்டு இந்தக் கப்பலின் கேப்டன் ஓடிப்போனான் என்று ஒரு கட்சி. வெடிமருந்து தீர்ந்து எடுக்கப் போனான், திரும்பி வந்து சண்டை போட்டான் என்று இன்னொரு கட்சி. கேப்டன் பக்கத்து ஊர்க்காரனாம். அந்த ஊரைக் கேலி செய்யத்தான் இந்தப் பனியன். குன்னத்தூர்க்காரன் சேவூர்க்காரனைக் கிண்டல் செய்யப் பனியன் அடித்தால் எப்படி, அப்படி.

சாம்பிளை வெளியே ஒரு பிரிண்டரிடம் அடித்து அனுப்பினோம். பையர் ஓகே சொல்லிவிட்டார். மொத்தப் பீஸையும் எங்கள் ஷெட்டிலேயே அடிப்பது என்று ஏற்பாடு. அங்கே பிரிண்டிங்குக்குப் பொறுப்பு என் வீட்டுக்காரர். பிலிமை ஸ்கிரீனில் ஒட்டி வெளிச்சம் காட்டினால் படம் இறங்கிவிடும். ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன். எரிகிற மூன்றுக்கும் சிவப்பு, ஓடுகிற கப்பலுக்குக் கறுப்பு. இவர் முருகனுக்குச் சூடம் காட்டாமல் ஒரு ஸ்கிரீனையும் தொடமாட்டார்.

பீஸ் எல்லாம் அடித்து, தைத்து, என் மேசைக்கு வந்தது. ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், இதுதான் நான் பார்ப்பது. கப்பல் போவதையும் வருவதையும் பார்க்க எனக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? மெர்ச்சண்டைசர் பெண் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, இந்தக் கப்பல் எங்க போவுது?"

"பனியன் எங்க போகுதோ அங்கதான் கண்ணு."

"வெளையாடாதிய. சாம்பிள்ல இது ஓடிப் போவுது. நம்ம பீஸுல திரும்பி வருது, பாத்தியளா?"

பார்த்தேன். கப்பல் நெருப்பைப் பார்த்து ஜம்மென்று வந்துகொண்டிருந்தது.

மகன் ஓடி வந்தான். பீஸைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினான். எங்கள் பக்கம் எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. அடிக்க வருகிறவனும் 'ங்க' போட்டுவிட்டுத்தான் அடிப்பான்.

"ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க?"

"என்றா பண்ணுனேன்? மொத ஆர்டரு. கப்பல் வெளிய போற மாதிரி போட்டா கம்பெனி வெளங்குமா? அதான் அந்தக் கறுப்புப் பிலிம மட்டும் அதே எடத்துல திருப்பி ஒட்டுனேன். உள்ள வருது பாரு."

எங்கள் வீட்டுச் சுவரில் குதிரை காலண்டர் மாட்டினாலும், குதிரை வாசலைப் பார்த்து ஓடக்கூடாது, வீட்டுக்குள் ஓடி வரவேண்டும் என்பார். வராத குதிரையை வேறு சுவருக்கு மாற்றுவார். அதே ஞாயம்தான் கப்பலுக்கும்.

"அது ஓடிப்போன கப்பலுங்கப்பா! ஓடறதுதாங்கப்பா படமே!"

"ஓடிப்போனவன எதுக்குடா என்ற பையன் மொத ஆர்டர்ல போடோணும்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கவில்லை.

"நல்லவேளைங்க, பழனி முருகன் பனியனுக்கு ஆர்டர் வரல. மயிலு எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்து, சாமியவே திருப்பி உக்கார வெச்சிருப்பீங்க."

"ஏப்புள்ள, நீ வாய மூடு."

மறுபடி அடிக்கத் துணி இல்லை. ஷிப்மெண்ட் தேதி தலைமேல் நின்றது. மகன் துணிக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. அந்த நேரம் பார்த்து மாமனார் போன். பொறுப்பாக விசாரிக்கிறாராம்.

"மாப்ள, சரக்கு ரெடிங்களா?"

"ரெடிங்க மாமா. திரும்பித் திரும்பிப் பாத்துட்டு இருக்கறோமுங்க."

கடைசியில் பையருக்கு உண்மையை எழுதிவிடுவது என்று முடிவானது. மெர்ச்சண்டைசர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றோம். எழுதுவதற்கு முன்பே அங்கிருந்து ஒரு மெயில் வந்து கிடந்தது. படித்தவள் நெற்றியில் கை வைத்தாள்.

"பிரிண்டிங்கை நிப்பாட்டச் சொல்லுதாவ. ஏதோ புத்தகம் வந்துருக்காம். அந்தக் காலத்துத் தூதருங்க எழுதின கடுதாசியெல்லாம் அரமணைப் பெட்டியில கெடந்துச்சாம், இப்பதான் அச்சுப் போட்டுருக்காவளாம்."

"தூதர்னா யாரு கண்ணு?"

"ஒரு ராசா, இன்னொரு ராசா ஊருல இருத்தி வைக்கிற ஆளும்மா. அங்க நடக்கதெல்லாம் இங்க எழுதி அனுப்புவாவ."

"அட, கட்டிக் குடுத்த புள்ள, மாமியா ஊட்டு சமாச்சாரத்த அம்மாளுக்குச் சொல்றாப்பல. அப்பக் கொஞ்சம் கூட்டிக் கொறச்சுத்தான் இருக்கும்."

"இல்லம்மா. கேப்டன் திரும்பி வந்து சண்ட போட்டதைத் துறைமுகத்து மாடியில நின்னு கண்ணால பாத்தேன்னு ஒருத்தர் எழுதிருக்காரு. எதிரி ராசாவோட தூதரும், அந்தத் திரும்பி வந்த கப்பலாலதான் நமக்கு இவ்வளவு சேதம்னு அவரு ராசாகிட்ட அழுதுருக்காரு."

மாமியாரும் மருமகளும் ஒரே பேச்சைப் பேசினால் அது நிஜமாகத்தான் இருக்கவேண்டும். ஒப்புக்கொண்டேன்.

பக்கத்து ஊர்க்காரர்கள் மேளத்தோடு மியூசியம் வாசலில் வந்து நிற்கிறார்களாம். ஓடுகிற கப்பல் போட்ட பனியனை இனி அந்த ஊரில் விற்க முடியாதாம். அடித்துவிட்டிருந்தால் வருத்தத்தோடு கேன்சல் என்று மெயில் முடிந்திருந்தது.

என் வீட்டுக்காரர் மேசையிலிருந்து ஒரு பீஸை எடுத்து வந்து கம்ப்யூட்டருக்கு நேராக விரித்துப் பிடித்தார், பையர் அதற்குள் உட்கார்ந்திருப்பதுபோல.

"ஏனுங்க, இது ஓடுதுங்களா, திரும்பி வருதுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

மகன் துள்ளி எழுந்தான். பீஸைப் போட்டோ பிடித்து அனுப்பினார்கள். பதில் வரும்வரை அவன் ஷெட்டுக்குள் நடந்த நடையிடம், தறியில் போய் வரும் நாடாவே தோற்றது.

பதில் வந்தது. அத்தனை பீஸையும் உடனே அனுப்புங்கள், பக்கத்து ஊர்க்காரர்களுக்கே விற்றுவிடுகிறோம் என்று. கூடவே ஒரு கேள்வி: புத்தகம் எங்களுக்கே இப்போதுதான் கிடைத்தது, உங்களுக்கு முன்னாலேயே எப்படித் தெரியும்?

"நாங்க ரிசர்ச் பண்ணுவோம்னு எழுதிடலாமுங்களா?" என்றான் மகன்.

"முருகன் சொன்னான்னு எழுது," என்றார் இவர்.

"எங்கூட்டுக்காரருக்கு யாரு வெளிய போனாலும் புடிக்காது, புடிச்சுத் திருப்பி உட்டுருவாருன்னு எழுது கண்ணு. அதுதான் நெசம்," என்றேன் நான்.

அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். இங்கிலீஷில் யார் சொன்னதை எழுதினாளோ, எனக்குத் தெரியாது.

சரக்கு போனது. கொஞ்ச நாளில் அதே கடையிலிருந்து அடுத்த ஆர்டரும் வந்தது. மகன் அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாமளாபுரத்துக்கு ஒரு நடை போய்வந்தான், சும்மா நலம் விசாரிக்க. மெயிலின் அடியில் பையர் ஒரு வரி சேர்த்திருந்தார்: இந்தத் தடவை படத்தைக் கொடுத்தபடியே அடிக்கவும்.

இந்தத் தடவை படம் ஒரு கலங்கரை விளக்கம். என் வீட்டுக்காரர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்து முன்னால் பார்த்தார், திருப்பிப் பின்னால் பார்த்தார், மறுபடி முன்னால் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. முகம் தொங்கிப்போய்விட்டது.