நில்தா வாங்கிய மாட்டிறைச்சி

நில்தாவுக்கு எதையும் குப்பையில் போட மனம் வராது. சர்க்கரை ஆலையின் உணவுக்கூடத்தில் இருபத்தேழு வருடம் சமைத்தவள். ஒரே காப்பித்தூளை மூன்று முறை கொதிக்க வைப்பாள். அவள் கணவன் ஃபெர்மின் பக்கவாதத்தில் படுத்து ஒன்றரை வருடமாகிறது. நான் ஓய்வு பெற்ற நர்ஸ், அடுத்த வீட்டுக்காரி. தினமும் காலையில் போய் அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றிவிட்டு வருவேன்.

சாவதற்குள் ஒரு தடவை பொலிச்சே சாப்பிட வேண்டும் என்பது ஃபெர்மினின் ஆசை. மாட்டின் முழுத் தொடைக்கறி நடுவே துளை போட்டு, பன்றி சாசேஜைத் திணித்து, புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் பூண்டிலும் சீரகத்திலும் ஊற வைத்து, சிறு தீயில் வேக வைப்பது. கியூபாவில் கடையில் மாட்டிறைச்சியைப் பார்த்து வெகு காலமாகிறது. யாருக்கும் தெரியாமல் அறுத்த மாட்டின் தொடைக்கறி, மாவுப் பைக்கு அடியில் ஒளிந்து ஒரு திங்கட்கிழமை அவள் வீட்டுக்கு வந்தது. அரசாங்க அனுமதி இல்லாமல் மாடு அறுப்பது இங்கே குற்றம்; பிடிபட்டால் அறுத்தவனுக்கும் ஜெயில், வாங்கியவளுக்கும் ஜெயில்.

ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வைத்த அன்றே கரண்ட் போனது. புதன்கிழமை காலைவரை வரவில்லை.

புதனன்று வாசலில் கால் வைத்ததுமே ஒரு வாடை. படுக்கைப் புண் சீழ் பிடித்தால் வருமே, அது. ஃபெர்மினின் அழுக்குத் துணியை அவிழ்த்து வாளியில் போட்டுவிட்டு, புரட்டிப் பார்த்தேன். முதுகு சுத்தமாக இருந்தது. வாடை சமையலறையிலிருந்து வந்தது.

நில்தா கறியின் மேல் இன்னும் நாலு ஆரஞ்சுகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். புளிப்பு ஊற்றினால் எந்தக் கறியும் சரியாகிவிடும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. துளைக்குள் விரலை விட்டேன். வழவழவென்று நூல் இழுத்தது. ஓரம் பச்சையாக மினுங்கியது. நாற்பது வருடம் சீழிலும் மலத்திலும் கைவைத்த எனக்கே அதற்கு மேல் விரலை வைத்திருக்க முடியவில்லை.

அது பூண்டு வாசம்தான் என்று சாதித்தாள். பிறகு குரல் இறங்கியது.

"ஒரு வாய் தின்னுட்டு சந்தோஷமாப் போகட்டுமே அக்கா, அந்த மனுஷன்."

"சந்தோஷமால்லாம் போகமாட்டாரு. பேதியிலதான் போவாரு. அதை நீயா கழுவப்போற?"

சாசேஜை மட்டும் உருவிக் கழுவிப் பொரிக்கலாமா என்று கேட்டாள். சட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆனால் எங்கே எறிவது? தெருமுனைக் குப்பைத்தொட்டிக்கு எதிரே குடியிருப்புக் குழுத் தலைவர் ரிகோபெர்த்தோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யார் பையில் என்ன போகிறது என்று பார்த்துப் போலீஸில் சொல்வதே அவர் பிழைப்பு. நில்தா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

காலையில் ஃபெர்மினிடமிருந்து அவிழ்த்த துணி இன்னும் அலசாமல் வாளியில் கிடந்தது. கறியை அதில் வைத்து, அழுக்கு வெளியே தெரியும்படி சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

என்ன இவ்வளவு கனம் என்று ரிகோபெர்த்தோ எழுந்து வந்தார். மூட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஃபெர்மினோடது. மூணு நாளா அடைச்சுக் கிடந்து இன்னைக்குத்தான் போச்சு. பிரிச்சுக் காட்டவா?"

கைக்குட்டையை மூக்கில் அழுத்தியபடி போகச் சொல்லிக் கையசைத்தார்.

மூட்டையைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன். நில்தா முட்டை பொரித்துச் சோற்றில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கறி எங்கே என்று ஃபெர்மின் கேட்டார். கெட்டுப்போய்விட்டது, எறிந்தாயிற்று என்றாள். அவர் எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் தின்னுட்டு எங்கிட்ட கதை விடுறீங்க," என்றார் குழறலாக.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த வாய் வாங்கவில்லை. என் நகத்திலிருந்து அந்த வாடை ஞாயிறுவரை போகவில்லை.