கட்சி உடைந்தபோது

என் கணவர் டில்லியில் ஒரு பத்திரிகையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அவசர நிலையின்போது ஏதோ ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறையில் பக்கத்துப் படுக்கை கரோல் பாக்கில் துணிக்கடை வைத்திருந்த பஞ்சாபிக்காரருடையது. வெளியே வரும்போது இருவரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஆகியிருந்தார்கள்.

பல கட்சிகள் கலைந்து, ஒன்றாகச் சேர்ந்து புதுக்கட்சி ஆனபோது இருவரும் அதில் சேர்ந்தார்கள். இடதுமில்லாமல் வலதுமில்லாமல், எல்லாரோடும் உட்கார்ந்து பேசக்கூடிய கட்சி ஒன்று இந்த நாட்டுக்கு வேண்டும் என்பார் இவர். வேலையை விட்டுவிட்டுக் கட்சி ஆபீஸே கதி என்று கிடந்தார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் என் சர்க்கார் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. எனக்கு அதில் வருத்தமில்லை. கட்சி ஜெயித்த அன்று பஞ்சாபிக்காரர் எங்கள் வாசலில் டோல் மேளம் அடிப்பவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் கணவர் ஆடி நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

ஆட்சி முழுக் காலமும் நிற்கவில்லை. மேலே இருந்தவர்கள் யார் பெரியவர் என்று அடித்துக்கொண்டதில் கட்சி இரண்டானது. பஞ்சாபிக்காரர் பிரிந்தவர்கள் பக்கம் போக முடிவு செய்து, இவரையும் கூப்பிட வீட்டுக்கு வந்தார். தலைவர்கள் சண்டை தலைவர்களோடு போகட்டும், நாம் ஏன் பிரிய வேண்டும் என்று ஹிந்தியில் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"நீ பதவிக்காகப் போற" என்றார் இவர்.

அவர் டீயைக் குடித்து முடித்து, என்னிடம் மட்டும் "வரேன் பாபி" என்று அண்ணி முறை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பதவி எதுவும் கிடைக்கவில்லை. அது தெரிந்தும் இவர் போய்ப் பார்க்கவில்லை. அவரும் வரவில்லை.

மிச்சமிருந்த கட்சியும் தேர்தலுக்குத் தேர்தல் கரைந்தது. எண்பதுகளின் கடைசியில், இருந்த கொஞ்சப் பேரும் வேறொரு கட்சியோடு இணைந்துவிட்டார்கள். ஆபீஸ் போர்டைக் கழற்றிய சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "கரோல் பாக் போயிட்டு வரலாம், நீயும் வா" என்றார்.

துணிக்கடையில் பஞ்சாபிக்காரரின் மனைவிதான் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, மாலை போட்ட படம்.

போன குளிர்காலத்தில் மாரடைப்பாம். எந்தக் கட்சிக் கொடியும் போர்த்தக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தாராம்.

இவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டார்.

அந்த அம்மாள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லி, நீங்க வராம இருந்துட்டா? அதை என்னால தாங்க முடியாது அண்ணா."

டீ வரவழைத்தார். இவரால் குடிக்க முடியவில்லை. நான்தான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நிறைய இடமிருந்தது. உட்காரச் சொன்னேன். காதில் விழாதவர் மாதிரி, சரோஜினி நகர் வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார்.