மூன்று ஞாயிறும் ஒரு காகிதமும்

உபதேசியார் வேலைக்குக் கால்கள் இரண்டும் நன்றாக இருக்க வேண்டும், பொறுமை அதைவிட நன்றாக இருக்க வேண்டும். எனக்குக் கால்கள் நன்றாகவே இருந்தன. கடல் கடந்து வந்து, வேதபுத்தகமும் குடையுமாகத் தோட்டம் தோட்டமாக அலைந்த ஊழியர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. நீங்களும் பட்டிருப்பீர்கள். மலாயாவில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர் குடியிருப்புக்கு அருகே எங்கள் மிஷன் கோவில் இருந்தது. அங்கிருந்து ரயிலேறிக் கிள்ளானில் இறங்கி, செம்மண் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் எனக்கு ஒதுக்கிய ரப்பர் தோட்டம் வரும். ஊரில் என்னைச் சாந்தமானவன் என்பார்கள். அந்தத் தோட்டத்துக்கு ஒரு வருஷம் போய்வந்த பிறகு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

முதல் ஞாயிற்றுக் கூட்டம்

முதல் ஞாயிறு அந்தத் தோட்டத்துக் கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வரிசை பிசகாமல் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. நான் முக்கால் மணி நேரம் பேசினேன். யாரும் எழுந்து போகவில்லை, யாரும் இருமவில்லை. திரும்பும் வழியில் ரயிலிலேயே ஊருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன், அறுவடைக்கு வயல் தயார் என்று.

அந்தக் கடிதத்தை நான் அனுப்பவில்லை. அடுத்த வாரம் பிரசங்கம் முடிந்தும் கூட்டம் அசையாமல் இருந்தது. நான் இரண்டு முறை போகலாம் என்றேன். பிறகு பின்னாலிருந்து கருப்பண்ணக் கங்காணி கையைத் தட்டினார். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். இந்த மனிதர்களை ஊரிலிருந்து அழைத்து வந்தவரும், தினமும் வேலைக்கு ஏவுகிறவரும், லயத்தில் யார் எந்த வீட்டில் குடியிருப்பது என்று தீர்மானிக்கிறவரும் அவர்தான். வரச் சொன்னதும் அவர்தானாம். வெளியே நின்றிருந்த ஒரு பெண்ணிடம் பிரசங்கத்தில் எது பிடித்தது என்று கேட்டேன். அவள் பெயர் அஞ்சலை, பால் மரம் வெட்டுகிறவள். கொஞ்சம் யோசித்துவிட்டு நேர்மையாகவே சொன்னாள்:

“காலம்பறப் பெரட்டுல பேரு கூப்பிடற வரைக்கும் நிக்கணும் சாமி. ஒங்க பெரட்டுல ஒக்காந்துக்கலாம்.”

துரைக்கு ஆகாத தீர்க்கதரிசி

தோட்டத்துத் துரையும் கிறிஸ்தவர்தான். என்னை உள்ளே விட்டதற்கு அதுவே காரணம் என்று நினைத்திருந்தேன். கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசினால் நல்லது, சோம்பலைப் பற்றிப் பேசினால் மிக நல்லது என்று அவரிடமிருந்து செய்தி வரும். கள்ளைப் பற்றி மட்டும் பேசவேண்டாமாம். கள்ளுக்கடை தோட்டத்துக்குச் சொந்தமானது. எனக்கு அன்றே ரத்தம் கொதித்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே நின்று மெதுவாகப் பேசலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தச் சமாதானத்தை உங்களில் எத்தனை பேர் சொல்லிக்கொண்டீர்களோ எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்த இஸ்ரவேலரை மோசே மீட்டுக்கொண்டு போன கதையைச் சொன்னேன். கொட்டகையில் முதல் தடவையாகச் சத்தம் எழுந்தது. வைக்கோலை நிறுத்திவிட்டு அதே அளவு செங்கல் கேட்டான் பார்வோன் என்றதும் ஒரு கிழவர் “அப்படித்தான், அப்படித்தான்” என்றார். மறுவாரம் கிராணி பொன்னம்பலம் பாதை முனையில் எனக்காகக் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதுகிறவர், என்னிடம் அன்பாகவே இருந்தவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு துரையின் கட்டளையைச் சொன்னார்:

“மோசேயை மட்டும் விட்டிடுங்கோ, உபதேசியார். அத்தனை ஆக்களையும் ஒரே அடியாக் கூட்டிக்கொண்டு போன மனுசன் எண்டு துரைக்குப் பயமாக்கிடக்கு.”

அஞ்சலை கேட்டது

அஞ்சலை ஒரு மாலை தன் புருஷன் வீரனோடு வந்தாள். வேதத்தில் சேர வேண்டும் என்றாள். நான் மகிழ்ந்து போய், எந்தப் பிரசங்கம் உள்ளத்தைத் தொட்டது என்று கேட்டேன். பிரசங்கம் இல்லை, காகிதம் என்றாள்.

அந்த நாளில் தோட்டத்துக் கல்யாணத்துக்குக் காகிதம் கிடையாது. கங்காணி தாலி எடுத்துக் கொடுப்பார், மாரியம்மன் சந்நிதியில் கட்டுவார்கள், முடிந்தது. கொடுத்த கையே பிரிக்கவும் செய்யும். கருப்பண்ணக் கங்காணியின் தம்பி ரவாங்கில் ஒரு தோட்டத்தில் கங்காணி. அங்கே ஆள் தேவை. வீரன் அங்கே போக வேண்டும், அஞ்சலை இங்கேயே இருக்க வேண்டும் என்று பேச்சு நடந்தது. கங்காணியின் அக்காள் மகனுக்குச் சமைத்துப் போட ஆள் இல்லையாம். இதைச் சொல்லும்போது வீரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிஷன் கோவிலில் கல்யாணம் செய்தவர்களிடம் முத்திரை போட்ட காகிதம் இருக்கிறது, அதற்குத் துரையே கட்டுப்படுகிறார், கங்காணி தொடமாட்டார் என்று அஞ்சலை எங்கேயோ கேட்டு வைத்திருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முகத்தைச் சுளித்தேன். காகிதத்துக்காக ஞானஸ்நானமா என்று கேட்டேன். பிறகு ஒழுங்கைச் சொன்னேன்: கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை எல்லாம் மனப்பாடம், பாதிரியார் முன் பரீட்சை, ஞானஸ்நானம், அதற்குப் பின் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு. குறைந்தது ஆறு மாதம். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“நாகப்பட்டணத்துலேர்ந்து கப்பலேறி இங்க வந்து சேரவே இம்புட்டு நாளு ஆகலியே சாமி.”

பத்தாவது கட்டளை

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பியதும் பெரிய பாதிரியாரிடம் போய், அவசரம், நாளைக் குறைக்கலாமா என்று கேட்டேன். நல்ல மனிதர், மலாயாவுக்கு வந்து பதினைந்து வருஷம், தமிழில் தடையில்லாமல் பேசுவார். ஒழுங்கு ஒழுங்குதான் என்றார். நானும் தலையாட்டினேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்துப் பழகியவன் நான். ஒரு சொல் விட்டாலும் முதலிலிருந்து சொல்லச் சொல்வேன். அஞ்சலையையும் அப்படியே நடத்தினேன். விடிவதற்கு முன்னே எழுந்து முந்நூறு மரம் வெட்டி, பால் சுமந்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து நிற்கிறவளை, நான்காம் கட்டளையில் ஒரு சொல் தவறியதற்காக மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

பாதிரியார் பரீட்சைக்கு வந்த நாளில் கங்காணியும் வந்திருந்தார். அவருக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டதும் நான்தான், மரியாதைக்குப் போட்டேன். வீரன் ஒப்பித்து முடித்தான். அஞ்சலை ஒன்பதை நிறுத்தாமல் சொன்னாள். பத்தாவதில், பிறன் மனைவிமேல் ஆசை வைக்கக்கூடாது என்ற இடத்தில் நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தாள்.

“இதக் கங்காணி வீட்டுக்கும் சொல்லிக் குடுத்தாச்சுங்களா சாமி?”

கேட்டதற்குப் பதில்

இருவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். முதல் ஞாயிறு அறிவிப்பு வாசித்தேன்: இந்த விவாகத்துக்குத் தடை ஏதேனும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும். அமைதி. இரண்டாம் ஞாயிறும் அமைதி. மூன்றாம் ஞாயிறு நான் வாசித்து முடித்ததும் கருப்பண்ணக் கங்காணி எழுந்து நின்று, துண்டைச் சரிசெய்துகொண்டு, வீரனுக்கு ஊரில் ஒரு சம்சாரம் இருக்கிறது என்றார்.

பச்சைப் பொய். பதினாறு வயதுப் பையனாக வீரனை அழைத்து வந்தவரே அவர்தான். தனியாள் என்று ஆபீஸ் புத்தகத்தில் எழுத வைத்தவரும் அவர்தான். கிராணி அந்தப் பக்கத்தை எனக்குத் திறந்து காட்டினார். ஆனால் தடை என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஊர்ச் சபைக்கு எழுதி விசாரித்துப் பதில் வரும்வரை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. கடிதம் போய்வர எத்தனை மாதம் ஆகும் என்பது கங்காணிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வீரன் புதன்கிழமை ரவாங் போகிறான் என்றும் அப்போதே அறிவித்தார். கொட்டகை காலியான பிறகு அவரிடம் போய், இப்படி ஒரு பொய்யைக் கடவுள் சந்நிதியில் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் சாவகாசமாகப் பதில் சொன்னார்.

“தடை இருந்தாச் சொல்லுன்னு மூணு வாரமா நீங்கதானே கேட்டீங்க? பாவம், கேக்கறாரேன்னு சொன்னேன்.”

ரவாங் லோரி

திங்கட்கிழமை பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்துப் புத்தகம் சபைப் புத்தகம் ஆகாது, விசாரணைக் கடிதத்தை நீரே எழுதும் என்றார். எழுதினேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். மனத்துக்குள் நான் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளை ஊழியர்களுக்கான இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

அதன்பிறகு அலமாரியிலிருந்து ஞானஸ்நானச் சான்றுத் தாள் ஒன்றை எடுத்தேன். கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். குழந்தையானால் தகப்பன் பெயர், மணமான பெண்ணானால் கணவன் பெயர் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அஞ்சலை, வீரனின் மனைவி என்று என்னால் முடிந்தவரை அழகாக எழுதினேன். மற்றத் தாள்களோடு வைத்தேன். பாதிரியார் எல்லாவற்றிலும் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார்.

செவ்வாய்க்கிழமையே தோட்டத்துக்குப் போய், தாளை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டுக் கிராணி வீட்டில் தங்கினேன். புதன் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் லோரி நின்றது, துரையும் வந்திருந்தார். வீரன் ஏறினான். அஞ்சலையும் மூட்டையோடு ஏறப்போனாள். கங்காணி குறுக்கே வந்து மூட்டையைப் பிடித்தார். அவள் மடியிலிருந்து தாளை எடுத்துக் கிராணியிடம் நீட்டினாள். பொன்னம்பலம் நினைத்திருந்தால் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கலாம். அவருக்கும் வேலை முக்கியம். அவர் துரையின் பக்கம் திரும்பி, களம் முழுவதும் கேட்கும்படி வாசித்தார். துரை தாளை வாங்கி முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார். பாதிரியாரோடு வழக்குப் பிடிக்க அவருக்கு விருப்பமில்லை. இரண்டு பேரையும் ஏற்று என்று சொல்லிவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். கங்காணி மூட்டையை விட்டார். லோரி கிளம்பும்போது அஞ்சலை என்னைப் பார்த்துக் கேட்டாள். நன்றி சொல்வாள் என்று நினைத்திருந்தேன்.

“அங்கேயும் போயி மூணு ஞாயித்துக்கெழம தடை இருக்கான்னு கேப்பீங்களா சாமி?”

அழகான கையெழுத்து

கங்காணி பாதிரியாரிடம் புகார் கொண்டுபோனார். பாதிரியார் என்னை அழைத்து, விவாகம் ஆகாத பெண்ணை மனைவி என்று எழுதியது பொய்யல்லவா என்றார். நாம் அந்தத் தோட்டத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே அவள் அவன் மனைவி என்றேன். ஒரு பொய்யை மூன்று வாரம் கேட்டு வரவழைத்து அதற்கு மரியாதை செய்தோம், ஒரு உண்மையை எழுதியதற்கு விசாரணையா என்றும் கேட்டேன். இவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. அடுத்த அறையில் ஆர்மோனியம் நின்றுவிட்டது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சான்றுத் தாளின் நகலை நெடுநேரம் பார்த்தார். கிள்ளான் வட்டாரத்திலிருந்து என்னை எடுத்துவிட்டு, ஞாயிறு பள்ளிப் பாடத்தாள் எழுதும் மேசைக்கு மாற்றினார்.

“உமது கையெழுத்து வெகு அழகாக இருக்கிறது. இனிமேல் அதைக் குழந்தைகளுக்கு மாத்திரம் உபயோகியும்.”

உலகத்தின் கடைசி மட்டும் போங்கள் என்று அனுப்பப்பட்டுக் கடல் தாண்டி வந்த நான், இத்தனை வருஷ ஊழியத்தில் நிச்சயமாகக் கரை சேர்த்தேன் என்று சொல்லக்கூடியது இரண்டே பேரை, அதுவும் ரவாங் வரைக்கும்தான்.