மீட்க வேண்டாம் என்றொரு கைச்சங்கிலி

நகைக்கடையில் எழுத்து வெட்டுகிறவனுக்கு எழுத்துத் தெரிந்தால் போதும், அர்த்தம் தேவையில்லை என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பிரெஞ்சு பேசும் ஊரான சென்ட் லோரன்டில் எங்கள் கடை. வாடிக்கையாளருக்குத் தலையாட்டியே கழுத்துச் சுளுக்கியவர் நீங்களும் என்றால், என் குழப்பம் உங்களுக்குப் புரியும்.

எவர்சில்வர்

பக்கத்து ஊரான டொலார்டிலிருந்து சதாசிவம் அண்ணை மனைவியோடு வந்தார். இதயம் நைந்துபோன மனிதர். அது நின்றால் நிற்கட்டும், நெஞ்சை அமத்தி எழுப்ப வேண்டாம் என்று டொக்டரோடு பேசி, படிவத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டார். ஆம்புலன்ஸ்காரருக்கு அதைச் சொல்ல ஒரு கைச்சங்கிலி வேண்டுமாம். வழக்கமான எவர்சில்வரைக் காட்டினேன். அண்ணையின் மனைவி, அக்கா, அதை விரல் நுனியால் தள்ளிவிட்டார். “எவர்சில்வர் எங்கட வீட்டில சோறு போட்டுச் சாப்பிடக் கிடக்கு, தம்பி. பவுணில செய்யுங்கோ.”

உள்ளுக்கோ, வெளியிலோ

ராகுகாலம் கழிந்த பிறகுதான் எடுக்க வந்தார்கள். ‘மீட்க வேண்டாம், படிவம் சட்டைப்பையில்’ என்று பிரெஞ்சில் வெட்டியிருந்ததை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அண்ணை மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தகட்டைப் புரட்டினார். பின்பக்கம் வெறுமையாகத்தானே கிடக்கிறது, அங்கே வெட்டியிருக்கலாமே என்றார். அங்கே வெட்டினால் வருகிறவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று கேட்டேன்.

“வாசிக்கத்தான் வேணுமோ, தம்பி?”

லொக்கர்

இரண்டு மாதத்துக்குப் பிறகு அண்ணை கோயில் வாசலில் விழுந்தார். வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் வெறுங்கையைப் பார்த்தார்கள், தங்கள் வேலையைச் செய்தார்கள். இரண்டு விலா எலும்பு முறிந்து, ஆள் பிழைத்துவிட்டார். பவுண் நகை வீட்டிலிருந்தால் களவு போகும் என்று அக்கா கைச்சங்கிலியை பாங்க் லொக்கரில் வைத்திருந்தார். முக்கியமான கடதாசி என்று அந்தப் படிவத்தையும் அதோடேயே வைத்துப் பூட்டியிருந்தார்.

இந்தக் கதையை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அண்ணைதான் அக்காவோடு கடையில் வந்து சொன்னார். எனக்கு அவரைக் கண்டதில் உண்மையாகவே சந்தோஷம். அதை முகத்தில் காட்டலாமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றுதான் தெரியவில்லை. கோபமா என்று கேட்டேன். மனைவியைப் பார்த்தார். எவர்சில்வரில் இன்னொன்று வேண்டும், குளிக்கும்போதும் கழற்ற மாட்டேன் என்று மட்டும் சொன்னார். அக்கா இம்முறை மறுக்கவில்லை. அண்ணையின் குளிர்ச்சட்டைக்குப் பொத்தான் பூட்டி, அவரைக் கதவு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, தனியே என்னிடம் திரும்பி வந்தார்.

“அவர் சொன்னபடியே செய்யுங்கோ, தம்பி. ஆனா அவசரமில்லை.”

அன்றிலிருந்து எந்தத் திகதிக்கு முடித்துக் கொடுப்பதென்று தெரியாமல், தினமும் அந்த எழுத்து வெட்டாத எவர்சில்வர் தகட்டை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன்.