திருவனந்தபுரத்தில் நான் அமர்த்திய நுரை

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் தாதுக்கல்லைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் போக நினைக்கும் சின்ன ஆலைக்காரர்கள் சிலர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். போன ஆகஸ்டில் நான் போய்வந்ததை அப்படியே எழுதுகிறேன். வழியும் செலவும் இருக்கிறது, கூடவே என் மானம் போன கதையும் இருக்கிறது.

நான் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராஃபைட் ஆலையில் பொறியாளர். எங்கள் கல்லில் சரக்கு குறைவு. அதை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, துளி டீசலும் நுரை கட்டவைக்கும் மருந்தும் விட்டுக் காற்றை ஊதினால், கிராஃபைட் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும், கழிவு அடியில் தங்கிவிடும். நுரை மிதப்பு என்பது இவ்வளவுதான். இதில் கரண்டைக் குடிப்பது அரைவை. திருவனந்தபுரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் (பெயர் வேண்டாமே) ரவைப் பருமனில் அரைத்தாலே போதும் என்று ஒரு கண்ணாடிக் குழாய் செய்திருந்தார்கள். அடியிலிருந்து தண்ணீரையும் பொடிக் குமிழிகளையும் மெல்ல ஏற்றினால், பருமணலும் மிதந்து வந்துவிடுமாம். கரண்ட் பில் குறையும் என்றால் எங்கள் முதலாளி விடுவாரா? இரண்டு மூட்டைக் கல்லோடு என்னை ரயிலேற்றிவிட்டார். நானும் சனி, ஞாயிறு சேர்த்துச் சுற்றிப்பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.40க்கு, திருவனந்தபுரம் ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் இறங்கினேன். நிலையத்துக்கு எதிரிலேயே லாட்ஜ், நாளுக்கு 900 ரூபாய். குளித்துவிட்டுப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்தேன். அங்கேயே கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்தார்கள், கால் கிலோ 120. லாட்ஜுக்குத் திரும்பி மூட்டைகளை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 210. மூட்டைக்குள் இருப்பது கல் என்று சொன்னதும் ஓட்டுநர், மலை நிறைய கல் கிடக்கிற ஊருக்கா கல் கொண்டுவருகிறீர்கள் என்று சிரித்தார்.

குழாயை இயக்குகிறவர் ஸ்டீபன். பாறசாலைக்காரர், தமிழ்க் குடும்பம், என் வயதுதான் இருக்கும். பத்து வருடமாக ஒப்பந்த வேலை. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், இந்த வருடத்துக்கான தாளில் மேடம் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவார் என்று அவரே சொன்னார். மேடம் என்பது அந்தக் குழாயை வடிவமைத்த விஞ்ஞானி.

முதல் ஓட்டம் பிரமாதம். கருகருவென்று நுரை கட்டி வழிந்தது. அடுத்த ஓட்டத்துக்கு ஸ்டீபன் குழாயைக் கழுவி மறுபடி நிரப்ப முக்கால் மணி நேரம் பிடித்தது. அதுவரை நான் வராந்தாவில் நின்று சிப்ஸ் தின்றேன். கூப்பிட்டார்கள், கையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நுரையை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தே சரக்கு எப்படி என்று சொல்லிவிடுவோம். மேடத்துக்கு என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டாமா? மூன்று முறை விரலை விட்டுக் கிளறித் தேய்த்துப் பார்த்தேன்.

ஒரே நிமிடத்தில் நுரை படுத்துவிட்டது. மேடத்தின் முகம் சுருங்கியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "குழாய சரியாக் கழுவலபோல மேடம்" என்றேன், ஏதோ பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி. ஸ்டீபன் குழாயை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மேடம் பதிவேட்டை எடுத்து, குழாய் சுத்தமில்லாததால் ஓட்டம் தோல்வி, இயக்கியவர் ஸ்டீபன் என்று எழுதினார்.

சனிக்கிழமை பொன்முடி. தம்பானூரிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள், பிறகு வண்டி குறைவு. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள், வாந்தி வருகிறவர்கள் முன்னால் உட்காருங்கள். மேலே நல்ல மூடுபனி. தேயிலை எஸ்டேட் லயன் வீடுகள் பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்கார அக்காள் அடுப்பில் பருப்பை ஏற்றியிருந்தார். அது பொங்கி வழியப் போனது. அவர் என்னோடு பேசிக்கொண்டே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விட்டார். நுரை அப்படியே அமர்ந்தது.

அட முட்டாளே! என் வீட்டு அடுப்படியிலும் தினம் நடப்பதுதானே இது? அந்தச் சின்னக் குழாயில் சிப்ஸ் எண்ணெய்க் கையை மூன்று முறை முக்கியெடுத்தவன் நான். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிருந்தது?

உடனே மேடத்தைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மேடத்தின் எண்ணும் இருந்தது, சிக்னலும் இருந்தது. கூப்பிடவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு. அதைத்தான் இங்கே எழுதக் கூசுகிறது. மூன்று மணிக்கு மேல் பஸ் ஏறித் திரும்பினேன். ஞாயிறு முழுக்க லாட்ஜில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அன்று மாலை ரயிலுக்கு எடுத்த டிக்கெட்டை ஒருவழியாக ரத்து செய்தேன்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேஜையிலிருந்த ஒரு கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். ஸ்டீபன் எழுதியது: வெள்ளிக்கிழமை குழாயைக் கழுவ நான் மறந்திருக்கலாம், மன்னிக்க வேண்டும். பதிவேட்டில் அந்த வரிக்குக் கீழே, தவறு என்னுடையது, கையில் எண்ணெய் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தத் தாளிலும் மேடம் என் கண்முன்னே கையெழுத்திட்டார். மறுபடி ஓட்டினோம், ரவைப் பருமனிலேயே சரக்கு மிதந்து வந்தது.

போகிறவர்களுக்கு: முப்பது கிலோ கல் தாராளம். புதுச் சாக்கில் கட்டுங்கள். இரண்டு வேலை நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். நுரையைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் கையுறை கேளுங்கள், கொடுப்பார்கள்.

கிளம்பும்போது ஸ்டீபன் கேட் வரை கூடவே வந்தார். செய்யாததற்கு ஏன் மன்னிப்புக் கடிதம் எழுதினீர்கள், மேடம் கேட்டாரா என்றேன்.

"மேடம் ஒண்ணும் கேக்கல சாரே. நானாத்தான் எளுதினேன். களுவினேனா இல்லியான்னு ரெண்டு நாளா ஆலோசிச்சேன். கடைசில எனக்கே சம்சயம் ஆயிப்போச்சு. எனக்க கைய நானே நம்பல."

மன்னித்துவிடுங்கள் என்றேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.