பொன்மணிக்குப் பதினேழு

எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண், போன வாரம் கையெழுத்துக்காக ஒரு புத்தகத்தை நீட்டினாள். செயலாய்வு அறிக்கை. இது இல்லாமல் பி.எட். முடிக்க முடியாது. பிரித்ததும் மைதாவும் மயில்துத்தமும் கலந்த பைண்டிங் பசை வாடை முகத்தில் அடித்தது. உங்களுக்கு அது பிடிக்கலாம். எனக்கு ஆகாது.

நான் பி.எட். படித்தது குடவாசல் பக்கம், வயலை மேடாக்கிக் கட்டிய ஒரு கல்லூரியில். மழை பெய்தால் வகுப்புக்குள் தவளை வரும். எங்களுக்குத் தவளையைக்கூடப் பிடிக்கும், ஆய்வைப் பிடிக்காது.

"நாம என்ன விஞ்ஞானியா? புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தப் போறோம். இதுக்கு எதுக்குடா ஆய்வு?" என்பான் அறைத்தோழன் ரவி.

போன வருஷத்துப் புத்தகத்தை வாங்கி, 'ஏழாம் வகுப்பு' என்பதை 'எட்டாம் வகுப்பு' ஆக்கினால் வேலை முடிந்தது. முன்தேர்வில் எல்லாப் பிள்ளைகளும் குறைவாக வாங்க வேண்டும், பின்தேர்வில் எல்லோரும் கூடுதலாக வாங்க வேண்டும். இடையில் நாங்கள் ஏதோ சொல்லிக் கொடுத்ததாக ஐதீகம்.

நான் கொஞ்சம் யோக்கியன் என்று எனக்கு நினைப்பு. பயிற்சிக்குப் போன பள்ளியில் முன்தேர்வை நிஜமாகவே வைத்தேன். எட்டாம் வகுப்பு, பின்னக் கணக்கு, நாற்பது பிள்ளைகள். பொன்மணி இருபதுக்கு இரண்டு வாங்கினாள். அப்பா இல்லாத பிள்ளை. அம்மா நடவுக்குப் போவார். தாளை வாங்கிக்கொண்டு சிரித்தாள். "அடுத்த பரிச்சை எப்ப சார்? அப்பப் பாருங்க."

அடுத்த பரீட்சையை நான் வைக்கவே இல்லை. சோம்பல்தான், வேறென்ன. அறிக்கை எழுதுகிறேன் என்று கடைசி மூன்று வாரம் பள்ளிப் பக்கமே போகவில்லை. விடுதிக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, பழைய பெயர்ப்பட்டியலைப் பார்த்து நாற்பது பேருக்கும் மதிப்பெண் போட்டேன். ஆசையாகக் கேட்டாளே என்று பொன்மணிக்குப் பதினேழு. என் தாராளத்தைப் பாருங்கள்.

பைண்டிங் செய்து தலைமையாசிரியரிடம் கொண்டுபோனேன். பட்டியலில் விரலை ஓட்டியவர் நிறுத்தினார்.

"என்ன தம்பி, பொன்மணி பதினேழு வாங்கியிருக்கு?"

"நல்லா எழுதிச்சு சார்."

"எங்கேருந்து எழுதிச்சு, திருப்பூர்லேருந்தா? அது பள்ளிக்கூடம் வந்து மூணு வாரமாச்சு. மில்லுக்குப் போயிடுச்சுங்கிறாங்க."

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "பேர எடுத்தா சராசரி மாறும், மறுபடி பைண்டிங் பண்ணணும். விடுங்க, யாரு படிக்கப் போறா?"

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டு. பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்தார்.

"அவுங்கம்மாவுக்கு இடுப்பு முடியல சார். ரெண்டு வாரத்துக்கு மேல அந்தப் புள்ள வாசல்லயே உக்காந்திருந்திச்சு. பள்ளிக்கூடத்துலேருந்து யாராச்சும் வந்து கேட்டா அனுப்பிடலாம்னுதான் அவுங்கம்மாவும் சொல்லிக்கிட்டிருந்தா. ஒருத்தரும் வரல. நாலு நாளைக்கு முன்னாடி ஏஜெண்டு வந்து ரெண்டு பேரையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டான். நீங்க யாரு, வாத்தியாரா?"

பரீட்சையை வைத்திருந்தால் முப்பத்தொன்பது தாள்தான் வந்திருக்கும். ஒரு தாள் குறைகிறதே என்று தேடியிருப்பேன். தேடியிருந்தால் வாசலிலேயே இருந்திருப்பாள்.

அறிக்கை அப்படியே போனது. தேர்ச்சி பெற்றேன். வேலை கிடைத்ததும் இரண்டு முறை திருப்பூர் போய் மில் வாசல்களில் நின்றேன். காவலாளிகள் விரட்டினார்கள்.

அந்தக் கல்லூரி இப்போது கல்யாண மண்டபம். பிள்ளைகள் குறைந்துபோய், பொன்மணி படித்த பள்ளியையும் மூடிவிட்டார்கள். அவளுடைய கூரை வீடு ஒரு புயலில் போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். போன மாதமும் அந்தத் தெருவில் போய்க் கேட்டேன். எந்தப் பொன்மணி என்கிறார்கள்.