நாலு மூலையிலும் மஞ்சள்

எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஐந்து தையல் மிஷின்கள் ஓடுகின்றன. நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் போர்வையை விரிப்போம். பட்டாளத்தில் இருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பார்சல் கட்டும் நாள் அது. மானாவாரிக் கரிசலை மட்டும் நம்பி ஒரு வீட்டில் நாலு பேர் சாப்பிட முடியாது. அதனால் சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருவுக்கு ஒருவனாவது எல்லையில் நிற்கிறான்.

இதை ஆரம்பித்தவர் உரக்கடை அண்ணாச்சி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களுக்கு ஊரிலிருந்து பார்சல் வரும்போது, தனக்கு எதுவும் வராதவன் மூத்திரம் பெய்யப் போவது போல வெளியே போய் நின்றுகொள்வான் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அது யார் அண்ணாச்சி என்று கேட்டேன். உரமூட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே என் கூடத்தில் முதல் பார்சலைக் கட்டினோம்.

தேசம், தியாகம் என்று யாராவது மைக் பிடித்தால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு தடவை ஒரு கட்சிக்காரர் ஆட்களோடு போட்டோ எடுக்க வந்தார். உட்கார்ந்து சேவுப் பொட்டலம் மடியுங்கள் என்றேன். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போனவர் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. நாங்கள் அனுப்புவது காராச்சேவு, கடலை மிட்டாய், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், சுக்குப் பொடி, உதட்டு வெடிப்புக்குக் களிம்பு, நெற்றியில் பூசச் சங்கரலிங்கம் சாமி கோயில் புற்றுமண் ஒரு சின்னப் பொட்டலம். எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடைத்து, வெள்ளைத் துணியால் மூடி, நான் தைப்பேன். அண்ணாச்சி மார்க்கர் பேனாவால் முகவரி எழுதுவார்.

பெட்டியை மூடும் முன்பு மேலாக ஒரு துண்டுக் காகிதம் வைப்போம். பையனின் வீட்டிலிருந்து நாலு வரி எழுதி வரும். போன் இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பனிமலைமேல் போன் எடுக்காது, காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி சொன்னார். அந்தத் துண்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும் என்பது மட்டும் என் சட்டம். வீட்டில் தடவி அனுப்பாவிட்டால் நானே தடவிவிடுவேன். நம் பக்கத்தில் நல்ல சேதிக்கு மஞ்சள், கெட்ட சேதிக்கு வெறும் காகிதம். எழுத்து தெரியாதவர்கூட ஒரு கடிதாசியைக் கையில் வாங்கியதும் மூலையைத்தான் முதலில் பார்ப்பார். ஆயிரம் மைல் தாண்டிப் போகிற காகிதம், பிரித்த உடனேயே ‘ஒன்றுமில்லை, பயப்படாதே’ என்று சொல்ல வேண்டாமா? இந்த யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை இப்போது மறைப்பானேன்.

குருவிகுளத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாள் வருவாள். ஒற்றை மகன் பட்டாளத்தில். வீட்டில் அவளும் மருமகளும் மூன்று வயதுப் பேத்தியும்தான். மருமகள் எழுதிய துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். மற்றவர்களைப் போல வீட்டிலேயே தடவிக்கொண்டு வர மாட்டாள். என் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, விரலைத் தோய்த்து மூலை மூலையாக அப்புவாள். ஒரு தடவை மஞ்சள் ஓடி எழுத்தே அழிந்துபோயிற்று. ஏன் இப்படி அள்ளி அப்புகிறாய் என்று சத்தம் போட்டேன்.

“எழுத்து அவ எழுதிட்டா. நான் என்னத்த எழுத? எனக்கு இதத்தான எழுதத் தெரியும்” என்றாள்.

அதற்குப் பிறகு அவளை நான் ஒன்றும் சொன்னதில்லை. அழிந்தால் அழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன தை மாதம் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காட்டிலேயே உட்கார்ந்தாள். திருநெல்வேலிக்குக் கொண்டு போகும் வழியில் உயிர் போய்விட்டது. மகன் அப்போது மலை உச்சியில் ஒரு காவல் போஸ்டில் இருந்தான். மேலே ஏறினால் மூன்று மாதம் கழித்துத்தான் இறக்குவார்கள். போன் கிடையாது. வானம் தெளிந்தால் ஹெலிகாப்டர் வரும், அதில் தபால் வரும், அவ்வளவுதான். பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான்.

கீழே முகாமில் இருந்த அதிகாரிக்கு அண்ணாச்சி போன் போட்டு இந்தியில் பேசினார். மேலே கடும் பனி, இப்போது யாரையும் இறக்க முடியாது, இறங்கி வந்ததும் நாங்களே பக்குவமாகச் சொல்கிறோம் என்றாராம் அவர். அதுவரை பையனுக்குத் தெரிய வேண்டாம் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். வரவும் முடியாமல், சேர்ந்து அழவும் ஆள் இல்லாமல், அங்கே நிற்பவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

“அங்கன நிக்கவன் மனசு கலங்குனா காலு எங்க விழுதுன்னு தெரியாது. காலு தப்புனா ஆளே கெடையாது” என்றார்.

மருமகளும் ஒத்துக்கொண்டாள். நானும் தலையாட்டினேன்.

பார்சல் ஞாயிறு வந்தபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கவில்லை. இந்தத் தடவை பார்சலோ துண்டோ போகவில்லை என்றால் அவனுக்குச் சந்தேகம் வரும் என்று, மருமகள் எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தீட்டு வீட்டுக்காரி என்பதால் வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லை, காப்பியும் வேண்டாம் என்றாள். காகிதத்தைப் படித்தேன். அம்மாவும் பாப்பாவும் நலம், உளுந்து இந்த வருஷம் பரவாயில்லை, பாப்பா ஒன்று இரண்டு சொல்லுகிறாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா என்ற இடத்தில் மட்டும் பேனா அழுந்தியிருந்தது. நான் நிமிர்ந்தபோது அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள்.

மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். விரலைத் தோய்த்தும் விட்டேன். ஆனால் அந்தத் துண்டின்மேல் கை போகவில்லை. சாவு விழுந்து பதினாறு முடியாத வீட்டிலிருந்து வந்த காகிதம். அதில் மங்கலத்தைத் தடவினால் தெய்வத்தைக் கேலி செய்வது போல ஆகிவிடாதா? அந்தத் தோஷம் யார் தலையில் விடியும்? பனியில் நிற்கும் அவன் தலையில்தானே? அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயம்தான் என் கையைப் பிடித்தது. அந்த உயரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பவன் மூலையையா பார்க்கப் போகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணாச்சி அந்தப் பக்கம் முகவரி எழுதிக்கொண்டிருந்தார். துண்டை வெறுமனே மடித்து வைத்துப் பெட்டியை மூடித் தைத்துவிட்டேன்.

சேதி சொல்வதற்கென்று எல்லாப் பெட்டியிலும் என் போன் நம்பர் இருக்கும். பார்சல் கிடைத்தவர்கள் ஒரு போட்டோவோ, ‘சேவு வந்துட்டுக்கா’ என்று ஒரு வரியோ அனுப்புவார்கள். அந்தத் தடவை கீழே இருந்த பையன்கள் எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். அவன் மேலே இருந்ததால் ஒன்றும் வரவில்லை. எனக்கும் வேலை மும்முரத்தில் மறந்துவிட்டது.

மாசி கடைசியில் ஒருநாள் உச்சிப்பொழுது, ஐந்து மிஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. முதலில் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாளின் மகன் என்று தெரிந்ததும் மிஷின்களை நிறுத்தச் சொன்னேன்.

“இப்பத்தான் எறங்குனோம்க்கா. ஆபீசர் சாப் வந்து பாக்கச் சொல்லியிருக்காரு. எதுக்குன்னு தெரியும். அவரு இந்தியில சொல்லி என்னால அதக் கேக்க முடியாது. நீங்க நம்ம பேச்சுல சொல்லிருங்க. போனது யாரு?”

என்ன தம்பி கேட்கிறாய், வீட்டுக்குப் பேசினாயா என்று மழுப்பிப் பார்த்தேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

“துண்டுல மஞ்ச இல்லக்கா” என்றான்.

பிறகு அவனே சொல்லிக்கொண்டு போனான். முதலில், பனித்தண்ணீர் பட்டு அழிந்திருக்கும் என்று நினைத்தானாம். கூட நின்ற இன்னொரு பையனும் நம் பக்கம்தான், திருவேங்கடத்துக்காரன். அவனுடைய துண்டை இவன் வாங்கிப் பார்த்திருக்கிறான். அதில் நாலு மூலையிலும் மஞ்சள் இருந்திருக்கிறது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். எழுத்து பெண்டாட்டியின் எழுத்து, அதனால் அவள் இருக்கிறாள். மிச்சம் இரண்டு பேர். மஞ்சள் எப்போதும் அம்மாதான் அப்புவாள், அவள் இல்லாவிட்டால் தடவ ஆள் இல்லை. பாப்பா இல்லாவிட்டாலோ, தீட்டு வீட்டில் அம்மா மஞ்சளைத் தொட மாட்டாள். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் வெறும் மூலைதான் வருகிறது. முப்பத்தெட்டு நாள் அந்தக் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு துப்பாக்கியோடு நின்றிருக்கிறான். கூட நின்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தன்னைத் தனியாகக் காவலுக்கு விடமாட்டார்கள், தன் பாரமும் அவர்கள் தலையில் விழும் என்று பேசாமல் இருந்துவிட்டானாம்.

கூடத்தில் தையல்காரப் பெண்கள் நாலு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மை போயிட்டாவ தம்பி” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு விடும் சத்தம் கேட்டது. தலைச்சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு.

“அப்போ பாப்பா இருக்கா?”

“நல்லா இருக்கா. ஓடி ஆடிக்கிட்டு இருக்கா.”

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

“போனது அம்மையா இருக்கட்டும்னுதான்க்கா கும்புட்டேன். தெனமும். நீங்க அனுப்புன புத்துமண்ண நெத்தியில பூசிக்கிட்டு, சங்கரலிங்கம் சாமிக்கிட்ட அதத்தான் கேட்டேன்” என்றான்.

நான் பதறிப்போய், நீ கும்பிட ஆரம்பிக்கும் முன்னாலேயே அவள் போய்விட்டாள், அந்தத் துண்டு எழுதின அன்றைக்கே அவள் இல்லை, உன் வேண்டுதலால் ஒன்றும் நடக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

“அது தெரியும்க்கா. தெரிஞ்சு என்ன செய்ய?” என்றான். சாப் கூப்பிடுகிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் உரக்கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் தராசையே பார்த்துக்கொண்டு, “பொய் சொன்னா முழுசாச் சொல்லணும் தாயி. இல்ல, உண்மையச் சொல்லிரணும். நாம ரெண்டும் செய்யல” என்றார். நாம என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மஞ்சள் டப்பாவைத் திறந்துவிட்டுத் தடவாமல் மூடியது நான் ஒருத்திதான்.

பங்குனியில் லீவில் வந்தவன் ஒருநாள் எங்கள் கூடத்துக்கு வந்தான். மொட்டை அடித்திருந்த தலையில் முடி முள்ளாக வளர்ந்திருந்தது. நான் மன்னித்துக்கொள் என்று வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினான். நீங்கள் என் நல்லதுக்குத்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியும் என்றான். கோபப்பட்டிருந்தால் தேவலை. பெண்டாட்டியிடம்கூட அந்த வேண்டுதலைச் சொல்லவில்லையாம். பாப்பாவைத் தூக்கும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்கிறது என்று மட்டும் சொன்னான்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினான்.

“இனிமே எனக்கு மட்டும் மஞ்ச தடவாதீங்கக்கா. நல்லதுக்கும் வேண்டாம், கெட்டதுக்கும் வேண்டாம். எப்பவும் வெறுந்துண்டா வரட்டும். அப்பந்தான் நான் மூலையப் பாக்க மாட்டேன்.”

அவன் திரும்பவும் எல்லைக்குப் போய்விட்டான். நாங்களும் பார்சல் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். மற்ற துண்டுகளுக்கெல்லாம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முடித்த பிறகு அவன் துண்டைக் கடைசியாக எடுப்பேன். அதைத் தொடும் முன்பு எழுந்து போய், விரலில் ஒட்டிய மஞ்சள் போகும்வரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வருகிறேன்.